மதில் ஓரத்துச் சொந்தக்காரர்கள்

என் அப்பாவை மதில் ஓரத்தில் புதைத்த அன்றைக்குத்தான் எனக்கு வம்சாவளியில் அக்கறை வந்தது. அதுவரை கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். மற்றவர்கள் வேரைத் தேடிப் போகிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த மாதிரி நல்லெண்ணம் எதுவும் கிடையாது. பெரியப்பாவின் மூக்கை உடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முட்டுக்காட்டுக்குத் தெற்கே, மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஒரு குப்பம்தான் அப்பாவின் ஊர். பெயர் வேண்டாம், அங்கே நான் இன்னும் போய்வர வேண்டியிருக்கிறது. சுற்றியுள்ள குப்பங்களில் எல்லாம் அம்மன் கோயில் என்றால், இங்கே மட்டும் மாதா கோயில். அப்பாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. செங்கல்பட்டுக்கு வேலைக்கு வந்தார், குடியிருந்த தெருவிலேயே அம்மாவைப் பார்த்தார். அம்மா வீட்டார் இந்துக்கள். செங்கல்பட்டு சர்ச்சில் ஒரே நாள் காலையில் அம்மாவுக்கு ஞானஸ்நானமும் நடந்தது, அந்த ஈரம் காய்வதற்குள் கல்யாணமும் நடந்தது. அப்பாவின் ஒரே அண்ணன், என் பெரியப்பா, அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அம்மாவைத் தன் வீட்டு வாசற்படி ஏற விட்டதும் இல்லை.

பெரியப்பா ஊர்க் கமிட்டித் தலைவர். கல்லறைத் தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை ஒன்று உண்டு. அதற்குத் தெற்கே முதல் இடம் எங்கள் குடும்பக் கல்லறை என்று சொல்லி, கருப்பு கிரானைட் போட்டு, தன் தாத்தாவின் பெயரைத் தங்க எழுத்தில் வெட்டி வைத்திருந்தார். அப்பாவின் பெட்டியை அங்கேதான் தூக்கிப்போனோம். பெரியப்பா கல்லறைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"இந்தக் குப்பத்துல மொத மொத ஞானஸ்நானத் தண்ணி வாங்குன குடும்பம் எங்குளுது. கண்ணாலத்துக்காகத் தண்ணி ஊத்திக்கினு வந்தவளோட சேர்ந்தவனுக்கு இங்க எடம் கெடையாது. மதிலோரம் காலியா கீது, அங்க வையி" என்றார்.

செத்தது அவர் கூடப்பிறந்த தம்பி. "அப்ப எங்கம்மாவுக்கு நாளைக்கி எங்க எடம்?" என்று கேட்டேன்.

"அவுளுக்கு இன்னாத்துக்கு இங்க எடம்? அவங்க ஆளுங்க கொளுத்துவாங்கல்ல, அங்க இஸ்துகினு போ."

அத்தனை பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெட்டியைத் தூக்கியவர்கள் அப்படியே திரும்பி மேற்கு மதிலை நோக்கி நடந்தார்கள். அது ஆளில்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய இடம். கடலில் ஒதுங்கிய அடையாளம் தெரியாத பிணங்களை அங்கேதான் வைப்பார்கள். கொஞ்ச வருஷம் போனால் அதே குழியைத் தோண்டி இன்னொருவரை வைத்துவிடுவார்கள். யாரும் அங்கே உரிமை கொண்டாடியதில்லை. அம்மா அழவில்லை. மண் மூடியதும், பக்கத்து மணலைக் காலால் தட்டிப் பார்த்து, "எனுக்கு இங்கயே போதும்டி" என்றாள். அதற்கும் பெரியப்பா தலையாட்ட வேண்டும். ஆட்ட மாட்டார் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அம்மாவின் சிறுநீரகம் அப்போதே பாதி போயிருந்தது.

நான் கூடுவாஞ்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடுகிற கவுன்டரில் உட்காருகிறவள். எதிரில் நிற்பவர் என்ன கத்தினாலும் குரல் உயர்த்தாமல் பதில் சொல்லிப் பழகியவள். அந்தக் கோபமெல்லாம் எங்கே போகும்? உள்ளே சேர்ந்துதானே கிடக்கும். அது மொத்தத்தையும் பெரியப்பா பெயருக்கு எழுதி வைத்தேன்.

கமிட்டியில் ஒரு பழைய சட்டம் உண்டு. ஓர் இடத்தில் முன்னோர் கிடக்கிறார்கள் என்று கோயில் பதிவேட்டில் இருந்தால், அந்த இடம் அந்தக் குடும்பத்துக்கு. அப்படியென்றால் நடுச் சிலுவைக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லறையில் என் அப்பாவுக்கும் பங்கு உண்டு. அதை எழுத்தில் எடுத்துக்கொண்டு வந்து, அப்பாவையும் அங்கே மாற்றி, அம்மாவுக்கும் இடம் வாங்குவது என்று கிளம்பினேன். கூடவே, பெரியப்பா வழியில் ஏதாவது கறை கிடைத்தால் அதையும் விடுவதில்லை. கிடைக்காமலா போகும்?

முதலில் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் போய் சென்சஸ் பற்றிக் கேட்டேன். பழைய கணக்கெடுப்பில் எங்கள் வீட்டு ஆட்களின் பெயர் இருக்குமல்லவா என்றேன். அங்கிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மேடம், சென்சஸ்ல இத்தினி தலைன்னுதான் கெடைக்கும். எந்தத் தலைன்னு யாரும் தர மாட்டாங்க" என்றார். நியாயமான பதில்தான். அதன் பிறகு கோயிலைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

பங்குச் சாமியார் தெற்கத்திக்காரர், இளவயசு. பெரியப்பாவிடம் பயப்பட அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. "குடும்ப வரலாறு எழுதப் போறீங்களாம்மா?" என்று ஆசையாகக் கேட்டார். "ஆமா சாமி" என்றேன். பழிவாங்கப் போகிறேன் என்று சாமியாரிடம் சொல்லவா முடியும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் கேளம்பாக்கம் போய், அங்கிருந்து பஸ் மாறி, பூசை முடியும் நேரத்துக்குக் கோயிலில் இருப்பேன். பதிவேடுகள் உப்புக்காற்றில் ஊறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கிடந்தன. சாமியார் ஓர் ஈர்க்குச்சியை நுழைத்து மெல்லப் பிரிப்பார். பழசெல்லாம் லத்தீன். அவர் படித்துச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். பொறுமைசாலி. நான் எத்தனை தடவை "இன்னொரு வாட்டி பாருங்க சாமி" என்றாலும் முகம் சுளிக்கவில்லை.

ஆனால் வேலை அவ்வளவு லேசாக இல்லை. எங்கள் குப்பத்தில் மூத்த ஆண்பிள்ளைக்கு ஊர்ப் பாதுகாவலராகக் கும்பிடும் புனிதரின் பெயரைத்தான் வைப்பார்கள். அதனால் ஒரு தலைமுறையை எடுத்தால் பாதிப் பேருக்கு ஒரே பெயர். கடற்கரையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஊரே திரும்பும். பெரியப்பாவின் தாத்தாவுக்கும் அதே பெயர்தான். அந்தப் பெயரில் ஒருவரைப் பிடித்து, அவருடைய அப்பா, அவருடைய அப்பா என்று மாதக்கணக்கில் பின்னால் போனேன். வலைக்காரர், படகு வைத்திருந்தவர், ஊரில் முதல் ஞானஸ்நானம் வாங்கியவர்களில் ஒருவரின் மகன். அடக்கம் செய்த இடம், நடுச் சிலுவைக்குத் தெற்கே முதல் குழி. பெரியப்பா பீற்றிக்கொண்டதெல்லாம் அப்படியே இருந்தது. அந்த மனுஷன் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லையா?

அதற்குள் விஷயம் பெரியப்பா காதுக்குப் போய்விட்டது. அவர் மகன், எனக்கு அண்ணன் முறை, ஒரு நாள் கோயில் வாசலில் என்னை மடக்கினார்.

"இன்னா பாப்பா, வாரா வாரம் வந்து இன்னாத்த நோண்டிகினு கீற?"

"நம்ம குடும்பத்துப் பெருமையத்தான்ணா. உங்க நைனாதான் அவ்ளோ சொல்றாரே, எழுத்துல பாக்கலாம்னு."

"நல்லா பாரு. பாத்துட்டு வாய மூடிகினு இரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் விடுவேனா?

அப்பாவின் அப்பா, அதாவது என் தாத்தா, ஞானஸ்நானம் பெற்ற பதிவை எடுத்தபோதுதான் இடித்தது. அதில் தகப்பன் பெயர் அதே பாதுகாவலர் பெயர்தான். ஆனால் தாயின் பெயர் வேறு. நான் மாதக்கணக்கில் துரத்திய வலைக்காரரின் மனைவி இல்லை. சாமியார் கல்யாணப் பதிவேட்டைப் பிரித்தார். அந்தத் தாயின் பெயரைத் தேடினோம். கிடைத்தது. சாமியார் படிக்கப் படிக்க அவர் குரல் மெதுவானது.

என் நிஜமான கொள்ளுத்தாத்தா குப்பத்துக்காரரே இல்லை. வேடந்தாங்கல் பக்கத்து ஆள், கேளம்பாக்கம் உப்பளத்துக்குக் கூலிக்கு வந்தவர். இந்து. குப்பத்துப் பெண் ஒருத்தியைக் கட்டுவதற்காக, வளர்ந்த ஆளாக, கல்யாணத்தன்று காலையில் ஞானஸ்நானம் வாங்கி, பாதுகாவலர் பெயரைச் சூட்டிக்கொண்டவர். இரண்டு பதிவும் ஒரே தேதியில் இருந்தன. நான் பெஞ்சிலிருந்து எழுந்து, "ஆங்!" என்று கத்தியேவிட்டேன். வெளியே பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"சாமி, அடக்கம் பண்ண இடம்?"

அவர் மரணப் பதிவேட்டில் விரலை வைத்துப் படித்தார். "மேற்கு மதில் ஓரம்." கொள்ளுப்பாட்டிக்கும் அதுவே. தாத்தாவுக்கும் அதுவே. வந்தேறிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் ஊர் அங்கேதான் ஒதுக்கியிருக்கிறது.

மிச்சத்தைக் கேட்கச் சாமியாருடன் ஊரில் இரண்டு வயசான பெரியவர்களைப் பார்த்தேன். ஒரு முறை கடல் உள்ளே ஏறி வந்து கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டதாம். அப்போதும், அதற்கு முன்னால் தாத்தா செத்தபோதும், பெரியப்பா வடக்கே எங்கோ கப்பல் வேலையில் இருந்தார். திரும்பி வந்து பார்த்தால், நடுச் சிலுவைக்குப் பக்கத்தில் ஓர் இரும்புச் சிலுவை சாயாமல் நிற்கிறது, அதில் தன் தாத்தாவின் பெயர் இருக்கிறது. நல்ல இடம் வேறு. கேட்கவா வேண்டும்? கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடித்து விளக்கேற்றினார். எங்கள் ஊரில் எவன் விளக்கேற்றுகிறானோ அவனுடையதுதான் கல்லறை. பிறகு கிரானைட் வந்தது. வலைக்காரரின் பேரப்பிள்ளைகள் எப்போதோ சென்னைக்குப் போய்விட்டதால் கேட்பார் இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற பெயரைப் பார்த்து ஒரு மனுஷன் தனக்கு வம்சமே கட்டிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவிடம் வந்து சொன்னேன்.

"உங்கப்பா கல்லற திருநாளுக்குப் போனா, மதிலோரமா ஒரு மெழுவத்திய குத்தி வெச்சிட்டு வருவாரு. இன்னாத்துக்குன்னு கேட்டா, எங்கப்பன் இங்கதான்மே கீறாருன்னுவாரு. அண்ணங்காரன் மனசு ஒடஞ்சிடும்னு வெளிய சொல்லாதன்னுவாரு. நாந்தான் சும்மா சொல்றாருன்னு வுட்டுட்டேன்" என்றாள். பிறகுதான் அழுதாள். அண்ணன் மனசு உடைந்துவிடுமாம். அப்பாவின் அந்த நல்லதனத்தை நினைத்து எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அப்பாவை மாற்ற வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. பெரியப்பா துரத்திவிட்ட இடத்தில்தான் அவர் அப்பா இருக்கிறார். பதிவேட்டில் முன்னோர் பெயர் இருப்பதால், கமிட்டிச் சட்டப்படி அந்த இடம் எங்கள் குடும்பத்துக்கு; இனி அம்மாவுக்கு அது எழுத்தில் வேண்டும். அதைச் சாமியார் அறையில் உட்கார்ந்து அமைதியாக முடித்திருக்கலாம். நான் அமைதியாக முடிக்க விரும்பவில்லை.

சென்னையில் இருக்கிற வலைக்காரரின் பேரனைத் தேடிப் போனில் பிடித்தது நான்தான். ரிட்டயர் ஆன மனுஷர், தன்மையாகப் பேசினார். "எங்க தாத்தா கல்லறை கடல்ல போயிடுச்சுன்னுல்ல நெனச்சோம்!" என்றார், உடனே மனைவியைக் கூப்பிட்டு அதையே சொன்னார். கல்லறைத் திருநாளுக்கு அவசியம் வாருங்கள் என்றேன்.

அன்று சாயங்காலம், வெயில் இறங்குவதற்கு முன்பே ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. சாமந்தி மாலையும் மெழுகுவர்த்தியும் ஊதுவத்தியுமாக, சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். பெரியப்பா வெள்ளை வேட்டி சட்டையில் கிரானைட்டுக்கு முன்னால் குடும்பத்தோடு நின்றார். சென்னைக்காரர் மனைவியோடு, ரோஜா மாலையோடு வந்து சேர்ந்தார். சாமியாரிடம் நான் முன்பே எல்லாம் சொல்லியிருந்தேன். அவர் பாவம், தனியாகப் பேசிக்கொள்ளலாமே என்று கெஞ்சினார். அப்பாவைத் தனியாகவா துரத்தினார்கள் என்று கேட்டேன். அவர் பதிவேட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சாமியார் பதிவை வாசித்தார். வலைக்காரர் பெயர், மனைவி பெயர், நடுச் சிலுவைக்குத் தெற்கே முதல் குழி. அடுத்து எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பதிவை வாசித்தார். உப்பளக் கூலி, வளர்ந்த வயசில் ஞானஸ்நானம், அதே நாளில் கல்யாணம், மேற்கு மதில் ஓரம். கூட்டத்தில் யாரோ "அட!" என்றார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியப்பாவின் கையில் மெழுகு உருகி விரலில் வழிந்துகொண்டிருந்தது, அவருக்கு அது உறைக்கவே இல்லை.

நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. சென்னைக்காரர் நேராகப் போய்ப் பெரியப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, யார் பெத்த புள்ளையோ நீங்க! இத்தனை வருஷமா எங்க தாத்தாவுக்கு விளக்கேத்தி, கல்லெல்லாம் போட்டு வச்சிருக்கீங்களே. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்" என்று மனசாரச் சொன்னார். நான் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தாலும் பெரியப்பாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவர் முகத்தை நான் இமைக்காமல் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

பெரியப்பா அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. "மதிலோரம் கெடக்கறவன் எனுக்குப் பாட்டனே கெடையாது! எவனோ ஒரு கூலிக்காரன். அந்த எடத்துக்கும் எனுக்கும் சம்பந்தமே இல்லன்னு எழுதிக்க சாமி!" என்று கத்தினார். நல்ல வார்த்தை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நான் அதை அப்படியே எழுத வைத்து, அவர் கையெழுத்தையும் வாங்கினேன். மதில் ஓரத்தில் அப்பாவின் குழியும் அதற்குப் பக்கத்துக் குழியும் அம்மா பெயருக்கு வந்தன. எங்கள் முன்னோர் கிடந்த வரிசையில் மிஞ்சியது அந்த இரண்டுதான், மற்றதெல்லாம் முன்பு மதிலை இடித்துக் கட்டியபோதே போய்விட்டது. அம்மா அந்தக் காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். டயாலிசிஸுக்குப் போகும்போதும் எடுத்துப் போவாள்.

பொங்கல் விடுமுறையில் வேடந்தாங்கலுக்குப் போகிற கார்களால் ஜி.எஸ்.டி. ரோடு அடைத்துக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா மகன், அந்த அண்ணன், கூடுவாஞ்சேரிக்கு எங்கள் வீடு தேடி வந்தார். முதல் தடவையாக. செருப்பை வெளியே விட்டுவிட்டு, உட்காராமல் நின்றார்.

"நைனாவுக்கு முடியல பாப்பா. டாக்டரு வூட்டுக்கு இஸ்துகினு போவ சொல்ட்டாரு. இன்னிக்கோ நாளைக்கோன்னு கீறாரு."

"அதுக்கு?"

"எங்க வெக்கறதுன்னு பேஜாரா கீது. அந்தக் கல்லறைய மெட்ராஸ்காரங்களுக்குக் குடுத்தாச்சு. புதுசா யாருக்கும் குடும்பக் கல்லறைக்கு எடம் இல்லன்னு நைனாவே தீர்மானம் போட்டு வெச்சிட்டாரு. பொது எடத்துல வெச்சா நாலு வருசத்துல தோண்டிடுவாங்க. அவரு... மதிலோரம் வையின்னு கேக்கறாரு. அவுரு அப்பா கிட்ட போவணுமாம்."

நான் காத்திருந்தது இதற்குத்தான். இதைவிட நன்றாக எந்தச் சாமியும் எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்க முடியாது. அவசரப்படாமல், கவுன்டரில் பேசுகிற அதே குரலில் சொன்னேன்.

"அண்ணா, அங்க கெடக்கறவரு அவுருக்குப் பாட்டன் இல்லன்னு உங்க நைனாவே கையெழுத்துப் போட்டிருக்காரு. எவனோ கூலிக்காரன் பக்கத்துல அவரு எப்பிடிப் படுப்பாரு? கௌரவம் இன்னா ஆவறது? ஒண்ணும் முடியாது. கெளம்புங்க."

அண்ணன் அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய ஆள் தோள் குலுங்க அழுதார். எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கதவைக் காட்டினேன்.

"ஏ, இருடி" என்று கட்டிலில் இருந்து அம்மா கூப்பிட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அவன உள்ள வர சொல்லு."

அண்ணன் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "சித்தி" என்றார். அந்த வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

"வெக்கட்டும்" என்றாள் அம்மா.

"அம்மா! உனக்கு இன்னா பைத்தியமா? அது உன் எடம். அதுக்குத்தானே நான் நாய் மாரி அலைஞ்சேன்!"

"நீ சும்மா இரு. பேசிகினு கீறேன்ல" என்று என்னை அடக்கிவிட்டு, அண்ணனைப் பார்த்தாள். "ஏம்ப்பா, அங்க ஒரு குழிக்கு ரெண்டு பேருதானே?"

"ஆமா சித்தி. எடம் பத்தலன்னு அப்பிடித்தான் வெக்கறாங்க."

"மொதல்ல போறவங்க அடியில?"

"ஆமா. ஆழமா வெட்டி வெச்சிடுவாங்க. அப்பறமா வர்றவங்க அதுக்கு மேல. சித்தப்பாவுக்கு மட்டும் அன்னிக்கி மேலாவே வெட்டிட்டாங்க, அதுல இன்னொருத்தர வெக்க முடியாது."

அம்மா தலையணைக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்தாள். பேனா கேட்டாள். நிதானமாக, அப்பா கற்றுக்கொடுத்த எழுத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"அவரு மொதல்ல போவட்டும். நான் பின்னாடியே வந்து எம் புருசன் பக்கத்துல, உங்க நைனா மேல படுத்துக்கறேன். காது கேக்குதில்ல அவுருக்கு இன்னும்? போயி சொல்லு. உயிர்த்தெழற அன்னிக்கி எழுந்துக்கணும்னா, என்னக் கேட்டுட்டுத்தான் எழுந்துக்கணும்."